பொங்கட்டும் என்று சொன்னவன்

கணக்குப் போடாமல் நான் எதையும் செய்ததில்லை. கணக்குப் போட்டுச் செய்தவற்றில்தான் அதிகம் மானம் போயிருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன் ஊரப்பாக்கத்தில் போனதற்கு அதில் முதலிடம்.

அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். செல்போனில் நாற்பத்தொரு பாடம் கேட்டுக் கிரேக்கம் கற்றிருந்தேன். (கற்றுவிட்டதாக நினைத்தேன்.) சிட்லபாக்கத்தில் எங்கள் சபையின் வேதபாட வகுப்பை நடத்த எனக்குக் கொள்ளை ஆசை. ஊரப்பாக்கத்தில் என் மகள் புது ஃபிளாட் வாங்கியிருந்தாள். அங்கே ஜெபித்துப் பால் காய்ச்சும் அன்று ஐந்து நிமிடம் பேசுங்கள், கேட்டுவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார் பாஸ்டர்.

நான் எடுத்துக்கொண்டது ஒரே சொல்: ஸெயோ. ஆவியில் அனலாயிருக்கச் சொல்லும் பைபிள் வசனத்தில், கிரேக்க மூலத்தில் இருப்பது அதுதான். கொதிப்பது என்று பொருள். அனல் கிடந்த இடத்தில் கிடக்கும். கொதிப்பது எழும்பும், சத்தம் போடும், நிரம்பி வழியும். மொழிபெயர்த்தவர்கள் பயந்து தணித்துவிட்டார்கள் என்பது என் கட்சி. ஒன்பது குறிப்பு எழுதினேன்.

நான் பேச ஆரம்பிக்கும்போது மகள் அடுப்பைப் பற்றவைப்பாள். 'ஆமென்' சொல்லும்போது பால் பொங்கும். அதுதான் திட்டம். வீட்டில் இரண்டு முறை காய்ச்சிப் பார்த்தேன். ஏழு நிமிடம். (பாஸ்டர் தந்தது ஐந்து. இரண்டு நிமிடம் அப்போதே திருடியாயிற்று.)

ஏழாவது நிமிடத்தில் நான் மூன்றாவது குறிப்பில் இருந்தேன். பால் எழும்பியது. மகள் அணைக்கப் போனாள். கடவுளே எனக்கு உதாரணம் காட்டுகிறார் என்று புல்லரித்துப்போய், “தொடாதம்மா. பொங்கட்டும். இதுதான் அந்த வார்த்தை” என்றேன்.

வேதம் பேசுகிறவனை மீறி யார் அடுப்பை அணைப்பார்கள்? பால் புது அடுப்பில் வழிந்து, சமையல் மேடையில் ஓடி, பக்கத்தில் நின்ற சம்பந்தியம்மாவின் பட்டுப்புடவையில் சொட்டியது. மிச்சம் தீய்ந்தது. மருமகன் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். முப்பத்தொரு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, நான் ஆறாவது குறிப்புக்குப் போனேன்.

இருபத்திரண்டாவது நிமிடத்தில் சம்பந்தியம்மா மெதுவாகச் சொன்னார்: “அண்ணா, அர்த்தம் நல்லா புரிஞ்சிடுச்சு. அடுப்ப அணைச்சுட்டு மீதிய பேசுங்களேன்.”

அணைத்தபோது பாத்திரத்தில் பழுப்பாக அரை டம்ளர் இருந்தது. புது வீட்டின் முதல் பால் எல்லோருக்கும் போக வேண்டுமே என்று மகள் ஸ்பூனில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

“இப்ப சந்தோஷமாப்பா?”

ஒன்பது குறிப்பையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். மொழிபெயர்த்தவர்கள் ஏன் அனலோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவர்களுக்கும் பெண் பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

பாஸ்டர் எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார். வகுப்புக்கு நாற்காலி எண்ணிப் போடுவது. இன்றுவரை ஒன்றுகூடக் குறைந்ததில்லை.

மகள் மன்னித்துவிட்டாள், ஆனால் மறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாராவது நீளமாகப் பேச ஆரம்பித்தால், இன்னொருவர் சத்தமில்லாமல் எழுந்து போய் அடுப்பின் குமிழை அணைப்பதுபோலத் திருகிவிட்டு வந்து உட்காருவார். அடுப்பில் ஒன்றும் இருக்காது. போன ஞாயிறு சாப்பாட்டின்போது நான் பேசியதற்கு நான்கு பேர் எழுந்து போனார்கள். நாலாவது ஆள் சம்பந்தியம்மா.