தூக்கு வண்டி சுரந்த தைலம்

கொல்லிமலையில் எந்தக் கல்லைப் புரட்டினாலும் அடியில் ஒரு சித்தர் இருப்பார் என்பார்கள். இந்தத் தடவை அவர் ஒரு வண்டிக்கு அடியில் இருந்தார்.

வாழவந்தி நாட்டுப் பேருந்து நிறுத்தத்தில் உயர்ந்த விளக்குக் கம்பத்தைப் பழுதுபார்க்க ஒரு தூக்கு வண்டி வந்திருந்தது. நீளமான இரும்புக் கை, கையின் நுனியில் ஆள் நிற்கும் கூண்டு. மலையேறி எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்ததில் ஏதோ ஒரு பாறை அதன் வயிற்றை உரசியிருக்கிறது. மறுநாளே அடியில் எண்ணெய் சொட்டியது.

வேறு ஊராக இருந்தால் மெக்கானிக் வந்திருப்பார். இங்கே பழனிமுத்து வந்தார். பேளுக்குறிச்சிச் சந்தையில் வேர் விற்றவர். ஒரு சொட்டை விரலில் தொட்டுக் கண்ணை மூடினார்.

"சித்தர் தைலமுங்க."

அவ்வளவுதான். பத்தே நாளில் வண்டிக்கு மாலை, மஞ்சள் துணி, உண்டியல். பேருந்து பேருந்தாகச் சனம் பாட்டிலோடு ஏறி வந்தது. மூட்டுவலிக்கு ஒருவர், பிள்ளை வரத்துக்கு ஒருவர், மகனின் கணக்குப் பரீட்சைக்கு ஒருவர். சித்தருக்குக் கணக்கும் வந்தது. தினமும் காலையில் பழனிமுத்து வண்டியைச் சுற்றித் திரை கட்டுவார். உள்ளே அபிஷேகம். திரை விலகியதும் தைலம் சொட்டும்.

பதினோராம் நாள் கவிதா வந்தாள். மின்பணியாளர். அந்தக் கூண்டில் அறுபது அடி ஏறப்போகிறவள் அவள்தான். ஏறுமுன் வண்டியைச் சோதித்து நிரப்ப வேண்டிய தாளை மேற்பார்வையாளர் தனபால் டீக்கடையிலேயே நிரப்பி முடித்திருந்தார். சக்கரம் சரி. பிரேக் சரி. 'எண்ணெய்க் கசிவு உண்டா?' என்ற இடத்தில் 'இல்லை'.

கவிதா குனிந்து பார்த்தாள். வண்டிக்கு அடியில் பாதி நிறைந்த வாளி.

"ஏனுங்ணா, இது என்னங்க?" என்று தனபாலிடம் கேட்டாள்.

"அது கசிவில்லம்மா. அருளு."

"அருளுக்குத் தாள்ல தனிக் கட்டம் இருக்குதுங்களா?"

"எகத்தாளம் பேசாத. நாளான்னைக்குக் கோயில் நோம்பி. லைட்டு எரியோணும். நீ ஏறலீன்னா வேற ஆள ஏத்திக்கறேன்."

அந்த இரும்புக் கையைத் தூக்கி நிறுத்துவதே எண்ணெய்தான். அது வடிந்தால் கூண்டிலிருப்பவர் நடுவானில் மாட்டிக்கொள்வார். கெட்ட நேரமென்றால் கூண்டோடு கீழே வருவார். கவிதா மறுத்தால் வேலை போகும். அவளுக்குப் பதில் ஏறுகிறவனுக்கு உயிர் போகும்.

பழனிமுத்து திரையை எடுத்தார். கவிதா அதன் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்குத் திரை வேண்டாமுங்க சாமி. நாங்களும் பாக்கறோம்."

"பாத்தா கண்ணு அவிஞ்சு போயிரும்."

"போனா எங்கண்ணுதானுங்களே."

வரிசையில் முதலாவதாக நின்றவள் ராசாமணி. பத்து நாள் முழங்காலில் தைலம் பூசி, பழைய வலியோடு புதிதாகக் கொப்புளமும் பெற்றவள். வலிதான் கொப்புளமாக வெளியேறுகிறது என்று பழனிமுத்து விளக்கியிருந்தார். கவிதா அவளிடமிருந்து ஒரு சிட்டிகை குங்குமம் வாங்கி, எண்ணெய்த் தொட்டியில் மட்டம் காட்டும் கண்ணாடியின் மேல் ஒரு கோடு இழுத்தாள்.

"எண்ணெய் இப்ப இந்த மட்டத்துல இருக்குது. தைலம் சித்தர் குடுக்கறதுன்னா மட்டம் அப்படியே நிக்கோணும். வண்டி குடுக்கறதுன்னா எறங்கும். பொறுத்துப் பாப்போம்."

சனம் தீபாராதனை பார்ப்பது போலக் கண்ணாடியைப் பார்த்தது. இரண்டு மணி நேரத்தில் வாளி நிறைந்தது. எண்ணெய் கோட்டுக்கு நான்கு விரல் கீழே இருந்தது.

"சித்தரே தொட்டிக்குள்ள எறங்கிட்டாரு. அதான் கொறையுது" என்றார் பழனிமுத்து.

"ஆளு எறங்குனா மட்டம் ஏறுமுங்க சாமி. குண்டாத் தண்ணியில கல்லப் போட்டுப் பாருங்க."

யாரோ சிரித்தார்கள். ராசாமணி சிரிக்கவில்லை. கால் வலியில் நிற்க முடியாமல், உட்கார இடம் தேடி அபிஷேகக் கூடையை நகர்த்தினாள். பூக்கூடை கல்லாய்க் கனத்தது. பூவை விலக்கினாள். அடியில் ஐந்து லிட்டர் டின். மேலே கடைச்சீட்டு: ஹைட்ராலிக் ஆயில்.

"அப்ப திரைக்குள்ள தொட்டியில ஊத்துனது இதானா? பத்து நாளா எங்கால்ல பூசுனது வண்டி எண்ணெயா?"

"அது... அபிஷேகச் சாமானுங்க."

"சரிங்க சாமி" என்றாள் கவிதா. "நீங்க அருள் பண்ணுன வண்டிதானே? கூண்டுல மொதல்ல நீங்க ஏறுங்க. நான் கீழ நின்னு கும்புட்டுக்கறேன்."

பழனிமுத்து கம்பத்தின் உச்சியைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"நமக்குத் தரைதானுங்க ராசி" என்றார். அடுத்த பேருந்தில் தரைக்கே இறங்கிப் போனார். உண்டியலை ராசாமணி ஏற்றவிடவில்லை.

மறுநாள் மெக்கானிக் வெடித்த குழாயை மாற்றினார். சித்தர் அந்த நிமிடமே நின்றுவிட்டார். கவிதா கைப்படப் புதுத் தாள் நிரப்பினாள். வெறும் கூண்டை மேலே ஏற்றி இறக்கிப் பார்த்தாள். இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறினாள். தனபால் டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறுபது அடி உயரத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். வண்டியைச் சுற்றி மூன்று பேர் இன்னும் பாட்டிலோடு நின்றிருந்தார்கள்.

"ஏனுங்க," என்று ஒருவர் மேலே பார்த்துக் கத்தினார், "கொஞ்சூண்டு கசிய உடப்படாதுங்களா?"

எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிடுங்கள். ஆனால் கீழே ஒழுகுவதை நெற்றியில் பூசுமுன், மேலே எங்கே ஓட்டை என்று ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். அதற்காகத்தான் கழுத்து இருக்கிறது. குனிவதற்கு மட்டுமென்றால் முதுகே போதும்.