சுர்ருவின் நாக்கு

கள்ளக்குறிச்சிப் பக்கம் சோப்பு தின்றே காலம் தள்ளிய பிறவி ஒன்றே ஒன்றுதான். எங்கள் மகளிர் குழுவில் இருந்த சுர்ரு. அவளுடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வடக்கனந்தலில் ஒரு தகரக் கொட்டகையில் தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கலந்து சோப்பு போட்டோம். தட்டில் ஊற்றி, வெட்டி, நாலு வாரம் காயவைக்க வேண்டும். காஸ்டிக் எண்ணெயில் முழுதாகச் சேராமல் மிச்சம் நின்றால் தோலைப் பொசுக்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஈர விரலைச் சோப்பில் தேய்த்து, நாக்கு நுனியில் லேசாக வைத்து, உடனே வாய் கொப்பளிக்க வேண்டும். டார்ச் லைட் பேட்டரியை நாக்கில் வைத்ததுபோல் அடித்தால் சோப்பு இன்னும் ஆகவில்லை.

அந்த 'லேசாக' மட்டும் இவள் காதில் விழவில்லை. குச்சி ஐஸ் மாதிரி நக்குவாள். கண்ணை மூடுவாள். "சுர்ருங்குது" என்பாள். உளுந்தூர்பேட்டையில் ஒரு கடைக்குள் நுழைந்து கம்பெனி சோப்பையே பிரித்து நக்கினாள். கடைக்காரர் விரட்டினார். "உன் சரக்கும் சுர்ருதான்யா!" என்று ரோட்டில் நின்று கத்திவிட்டுத்தான் பஸ் ஏறினாள். கூடப் போனவள் நான். மானம் போனதும் எனக்குத்தான்.

அப்போதுதான் மலைமேல் கரியாலூரில் ஒரு விடுதியின் வார்டனம்மா எட்டுத் தட்டு சோப்பு கேட்டார். லீவு முடிந்து வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்க. குழுவுக்கு அதுதான் முதல் ஆர்டர். நாள் தவறினால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். நான் குழுவுக்குச் செக்ரட்டரி. வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலு வாரம் காய்ந்தது. அனுப்ப ஐந்து நாள் பாக்கி. சுர்ரு எட்டுத் தட்டையும் நக்கினாள். எட்டும் சுர்ரு.

"இன்னாடி, வெளாடுறியா?" என்றேன்.

"நான் இன்னா பண்றது செக்ரட்டரிம்மா? நாக்குல அடிக்குதே."

குழுவில் விஜயா என்று ஒருத்தி. காஸ்டிக் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, தன் பங்குக்கு மஞ்சள்தூளைக் குழைத்துச் சோப்பில் தடவினாள். ரத்தமாகச் சிவந்தது. கொட்டகையே அலறியது.

"அறிவு கெட்டவளுங்களா! எந்த சோப்பு பட்டாலும் மஞ்சள் செவக்கத்தாண்டி செய்யும். ஒருத்தியும் வூட்ல துணி தொவச்சதில்லையா?" என்று கத்தினேன்.

அசடு வழிந்த விஜயா சுர்ரு பக்கம் திரும்பினாள். "யக்கா, நாக்கை நீட்டு."

நீட்டினாள். வெற்றிலைச் சுண்ணாம்பில் வெந்து நாக்கு முழுக்கப் புண்.

"இந்த நாக்குல தயிர்சோறு வச்சாக்கூட சுர்ருங்கும்!" என்றாள் விஜயா. சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது.

சுர்ருவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாலு நாள் வெற்றிலை தொடவில்லை. அந்த நாலு நாளும் கொட்டகை நரகம். கதவைத் திட்டினாள், காக்காயைத் திட்டினாள், ஒரு முருங்கை மரத்தோடு சண்டை போட்டாள்.

ஐந்தாம் நாள் புது நாக்கோடு வந்தாள். முதல் தட்டு, ஒன்றுமில்லை. ஏழு தட்டு வரைக்கும் ஒன்றுமில்லை. நான் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டேன். எட்டாவதில் துள்ளிக் குதித்தாள்.

"சுர்ரு!"

"எத்தினி வாட்டிடி இதையே சொல்லிக்கினு இருப்பே?" விரலைத் தேய்த்து என் நாக்கிலேயே வைத்தேன்.

அடித்தது பாருங்கள்! கொட்டகையை மூன்று சுற்று ஓடினேன். 'தண்ணி' என்று கத்த வாய் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. ஒரு குடம் காலி.

அந்தத் தட்டை மட்டும் ஒதுக்கிவிட்டு ஏழையும் மலை பஸ்ஸில் ஏற்றினோம். வார்டனம்மா ஏழுக்கே சம்மதித்தார். மிச்சத்தைப் பிறகு தருவதாகப் பேச்சு.

திரும்பி வந்ததும் விஜயா ஆரம்பித்தாள். "எட்டாவது தட்டுக்கு காஸ்டிக் எடை போட்டது யாரு? புள்ளைங்க கை வெந்திருக்குமே!"

போட்டது நான். சுர்ருவை ஏதோ திட்டிக்கொண்டே ஒரு கரண்டி கூடுதலாகக் கொட்டியிருக்கிறேன். அந்த நேரம் பக்கத்தில் நின்றவள் அவள் ஒருத்திதான்.

சுர்ரு என்னைப் பார்த்தாள். பிறகு விஜயாவிடம் சொன்னாள்: "தராசு சரியில்லடி. ஜாஸ்தி கம்மியா காட்டுது."

அன்றைக்கு முழுக்க நான் வாயே திறக்கவில்லை. நாக்கு வெந்துபோயிருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.