ஹேக்கிங் படித்ததில் வந்த மாப்பிள்ளை

இணையத்தில் எதை வேண்டுமானாலும் இலவசமாகக் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்பவர்களிடம் நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. தெம்பில்லை. நானும் அப்படி நம்பித்தான் ஹேக்கிங் கற்கப் போனேன். போனபோது ஒரு சாதாரண டீச்சர். திரும்பி வந்தபோது, இந்த உலகத்தில் பிறக்கவே பிறக்காத ஓர் ஆளால் கைவிடப்பட்ட பெண்.

காரைக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறேன். அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. (இதை நான் மறைத்தாலும் எங்கள் சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.) கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் தாளாளர் கூப்பிட்டார்.

"ஜூன்ல பிள்ளைகளுக்கு சைபர் பாதுகாப்புன்னு ஒரு வகுப்பு எடுக்கணும் ஸ்டெல்லா மிஸ். லீவுல படிச்சுட்டு வந்துருங்க."

"எந்தப் புத்தகம் சார்?"

"அதான் எல்லாம் நெட்ல கெடக்கே!"

கிடக்கத்தான் செய்தது. 'பத்தே நாளில் ஹேக்கர் ஆகலாம்' என்ற வீடியோவில் ஒருவர் இருட்டறையில் தலையை மூடிய சட்டையோடு உட்கார்ந்திருந்தார். மே மாதத்துக் காரைக்குடியில் அந்தச் சட்டையைப் போட்டால் பத்தாவது நிமிடம் ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அவர் பாதியில் நிறுத்தி, "நெட்வொர்க்கிங் தெரியாவிட்டால் முதலில் இதைப் பாருங்கள்" என்று இன்னொரு வீடியோவைக் காட்டினார். அது பதினோரு மணி நேரம். அதில் வந்தவர், லினக்ஸ் தெரியாதவர்கள் அதற்கான வீடியோவுக்குப் போய்விட்டு வரலாம் என்றார். போனேன். சந்தேகம் கேட்க ஓர் இணைய மன்றத்தில் சேர்ந்தேன். 'இதுகூடத் தெரியாமல் ஏன் வந்தீர்கள்?' என்று ஒரே ஒரு பதில் வந்தது. நியாயமான கேள்விதான்.

கடைசியில் உருப்படியாக ஒரு தளம் அகப்பட்டது. நாம் உடைத்துப் பழகுவதற்கென்றே ஓட்டை ஒடிசலோடு சில கம்ப்யூட்டர்களை அதில் வைத்திருந்தார்கள். அவற்றிலேயே லேசானது என்று போட்டிருந்த ஒன்றுக்குள் நுழைய எனக்கு மூன்று வாரம் ஆனது. நுழைந்ததும் கத்திவிட்டேன். ஓய்வுபெற்ற வாத்தியாரான அப்பா பேப்பரை மடித்துவிட்டு வந்தார்.

"உள்ள என்னத்தா இருந்துச்சு?"

"வாழ்த்துகள்னு எழுதிருந்துச்சுப்பா."

"அதுக்கா மூணு வாரம்?" என்று கேட்டுவிட்டு மறுபடி பேப்பருக்குப் போய்விட்டார்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. காளையார்கோவிலில் இருந்து ஒரு சம்பந்தம். மாப்பிள்ளைக்கு வங்கியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. ஆறு மாதம் பேசிப் பேசி அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். மாப்பிள்ளையோடு நான் ஒருமுறை போனில் பேசியிருந்தேன். "கம்ப்யூட்டர் டீச்சர்ங்கிறீக, பிரிண்டர்ல பேப்பர் சிக்குனா எடுப்பீகளா?" என்று கேட்டார். வாய்விட்டுச் சிரித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அது அமைய வேண்டும் என்று நானும் ஆசைப்பட்டேன்.

அந்த வாரம்தான் பாடத்தின் கடைசிப் பகுதி வந்தது: பொய்யான லிங்க் அனுப்பிப் பாஸ்வேர்டைப் பறிப்பது எப்படி, அதிலிருந்து தப்புவது எப்படி. முதல் விதி, சோதிக்கப்படுபவரிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். (நம்ம வீட்டு ஆளுகதானே, இதுக்கெல்லாமா எழுதி வாங்குவாங்க என்று அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டேன்.) இரண்டாம் விதி, எதிராளி எதற்கு ஏங்குகிறார் என்று கண்டுபிடித்து அதையே தூண்டிலில் மாட்ட வேண்டும்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறுபது பேருக்கு மேல் உண்டு. அத்தனை பேரும் எதற்கு ஏங்குகிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு எந்த வீடியோவும் தேவைப்படவில்லை. பத்து வருடமாக, புதுமனை புகுவிழாவிலும் துக்க வீட்டிலும் என்னைப் பார்த்ததும் அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்.

ஆகவே என் கல்யாணப் பத்திரிகையைத் தயாரித்தேன். மணமகன் ஜெ. ரிச்சர்ட், பெங்களூரு. நாள், வருகிற புதன்கிழமை. 'பத்திரிகையைக் காண உங்கள் போன் நம்பரையும் பாஸ்வேர்டையும் இடவும்.' வெள்ளிக்கிழமை மாலை குழுவில் போட்டேன். மறுநாள் காலை வரை எதிராளிகளோடு பேசக்கூடாது என்பது மூன்றாம் விதி. ஆகவே போனைச் சைலண்டில் போட்டு அலமாரியில் வைத்தேன். முதல் விதியைத் தவிர மற்ற இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு என்று ஒன்றுகூட இல்லை. பாஸ்வேர்டு கேட்ட கட்டத்தில் எங்கள் ஆட்கள் மொய் எழுதுகிற மாதிரி வரிசையாக எழுதியிருந்தார்கள். 'ஆண்டவர் ஆசீர்வதிப்பார்.' 'இப்பவாவது மனசு வந்துச்சே.' 'சாப்பாடு சைவமா அசைவமா?' தேவகோட்டை அத்தை மட்டும், 'நேர்ல வந்து வைக்காத பத்திரிகைக்கு நாங்க வர மாட்டோம்' என்று எழுதியிருந்தார். யாரையும் ஏமாற்ற முடியவில்லையே என்று எனக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

அந்த நேரத்தில் காலைப் பூசைக்குப் போன அம்மா திரும்பி வந்தார். அவரிடமும் அப்பாவிடமும் இருந்தது பட்டன் போன், இருவரும் குழுவிலும் இல்லை. கோயில் வாசலில் நாலு பேர் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

"யாருடி ரிச்சர்ட்?"

"அப்படி யாரும் இல்லம்மா. அது பாடம்."

"பாடமா? ஓலை வாசிக்காம என்ன கல்யாணம், பிள்ளைக்கு எத்தன மாசம்னு ஒருத்தி காதுல வந்து கேக்குறா!"

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரர் வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். லிங்க் பொய்யா என்று பார்க்கத் தெரியாத எங்கள் ஜனம் அதைத்தான் சரிபார்த்தது. ஓலை இல்லை. கல்யாணமோ புதன்கிழமை. அப்படியானால் பத்திரிகை பொய் என்று ஒருவருக்காவது தோன்ற வேண்டாமா? அவசரம் என்று தோன்றியிருக்கிறது.

அலமாரியிலிருந்து போனை எடுத்தேன். எண்பத்தேழு மிஸ்டு கால். எடுத்த கையிலேயே சாக்கோட்டைப் பெரியப்பா கூப்பிட்டார். எங்கள் வீட்டில் எந்த மாப்பிள்ளையையும் விசாரிக்கிற பொறுப்பு அவருடையது.

"ஆத்தா, பையன விசாரிச்சுப்புட்டேன்."

"எந்தப் பையனப் பெரியப்பா?"

"ரிச்சர்டத்தான். நல்ல குடும்பம். அவங்கப்பன எனக்குத் தெரியும். பையன் எப்பவாவது கொஞ்சம் குடிப்பானாம், அது போகப் போகச் சரியாயிரும்."

நானே முந்தின நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு உண்டாக்கிய ஆள் அதற்குள் குடிக்கப் பழகியிருந்தான். உடனே குழுவில் எழுதினேன்: 'இது பொய்ப் பத்திரிகை. ரிச்சர்ட் என்று யாரும் இல்லை. தெரியாத லிங்க்கைத் தொடக்கூடாது என்பதற்கான பயிற்சி.' சித்தி ஒருவர் எழுதினார்: 'பாவம், பிள்ளை மனசு ஒடஞ்சு போயி என்னென்னமோ சொல்லுது. யாரும் ஒண்ணும் கேக்காதீக.' கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. பெரியப்பா தனியாகக் கூப்பிட்டார். "வேணாம்னுட்டானா ஆத்தா? நான் அவங்கப்பன்கிட்ட பேசட்டுமா?"

மத்தியானம் காளையார்கோவிலில் இருந்து அப்பாவுக்குப் போன் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பத்திரிகையை அங்கே அனுப்பிவிட்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா கோபப்படவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

"பிள்ளைக்கு எங்குட்டு இஷ்டமோ அங்குட்டே செஞ்சு வைங்க சார். நாங்க தப்பா நெனைக்க மாட்டோம்."

"இல்லங்க, அது கம்ப்யூட்டர் பாடமுங்க."

"பாடத்துல மாப்பிள்ள பேரெல்லாமா சார் வரும்?"

முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்திய மனிதர் போனை வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு நானே ஒரு நீண்ட செய்தி எழுதினேன். நடந்ததைச் சொன்னேன். நம்ப வேண்டுமே என்று அந்தப் பாடத்தின் லிங்க்கையும் கீழே வைத்தேன். சாயங்காலம் பதில் வந்தது. 'மன்னிக்கவும். தெரியாத லிங்க் எதையும் நான் திறப்பதில்லை.' சிவகங்கை மாவட்டத்திலேயே சைபர் பாதுகாப்பைச் சரியாகப் படித்திருந்தவர் அவர் ஒருவர்தான். அவரை இழந்துவிட்டேன். அன்றைக்கு அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமைக்காக வாங்கிய பலகாரத்தை நாங்கள் மூன்று பேரும் புதன்கிழமை வரை தின்றோம்.

ஜூனில் வகுப்பு நடந்தது, பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆறு வருடம் ஆகிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இப்போது யாரும் அதைக் கேட்பதும் இல்லை. பத்து வருடம் நான் ஏங்கிய நிம்மதி இதுதான். என்ன, கேள்வி கேட்டவர்களெல்லாம் இப்போது தலையைத் தடவிக் கொடுக்கிறார்கள். விசேஷ வீடுகளில் எனக்கு மட்டும் இரண்டாவது கரண்டி பாயசம் கேட்காமலே விழுகிறது. யார் வீட்டுப் பத்திரிகை வந்தாலும், "மாப்பிள்ளை நெசமாவே இருக்காரா, ஸ்டெல்லா செஞ்சதா?" என்று ஒரு குரல் எழும்பாமல் இருக்காது. பெரியப்பா இதில் சேரமாட்டார். ரிச்சர்ட் ஓசூரில் வீடு கட்டிவிட்டதாகவும் இரண்டு பிள்ளைகள் இருப்பதாகவும் போன கிறிஸ்துமஸுக்கு என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

தினமும் ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் ஜெபமாலை. முடிவில் அம்மா வீட்டில் உள்ளவர்களுக்காக ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேண்டுவார். போன வாரம் என் பெயருக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி, "அந்த ரிச்சர்டையும் நல்லா வையி ஆண்டவரே" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, அப்படி ஒரு ஆளே இல்லன்னு ஒனக்கும் தெரியும்ல?"

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"தெரியும்டி. இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"