அக்காவின் பிஸ்கட் டப்பா

நான்காவது பிஸ்கட்டின் ஒரு பாதி வாய்க்குள்ளும் மறுபாதி விரலிடுக்கிலும் இருந்தபோது கிரேன்காரரின் போன் அடித்தது. அக்கா மகள். வெளியூரில் விடுதியில் தங்கி மருந்தியல் படிப்பவள்.

"மாமா, அம்மா எப்படி இருக்கா?"

"தூங்கறா. ஞாயித்துக்கிழமைதானேன்னு பாக்க வந்தேன். கையில கிடைச்ச பிஸ்கட்டைத் தின்னுக்கிட்டு காவல் காக்கறேன்."

"எந்த பிஸ்கட்?"

"கட்டில் பக்கத்துல நீல டப்பா இருக்கே, அது."

"ஐயோ மாமா! அம்மா அந்தக் கஞ்சா மருந்தை பிஸ்கட்லதானே சாப்பிடறா!"

துப்புவதா, விழுங்குவதா என்று கிரேன்காரர் யோசித்தார். யோசனை முடிவதற்குள் தொண்டை தன் வழக்கப்படி விழுங்கிவிட்டது.

அக்காவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. மருந்து ஏற்றிய நாட்களில் சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே அவளுக்குக் குமட்டும். அதற்காகவே பெரிய டாக்டர் சீட்டு எழுதி, கஞ்சாவிலிருந்து எடுத்த மருந்து ஒன்றைக் கொடுத்திருந்தார். இதெல்லாம் கிரேன்காரருக்குத் தெரியும். ஆனால் மருந்து என்றால் மாத்திரையாக இருக்கும், இல்லாவிட்டால் பாட்டிலில் இருக்கும் என்று நினைத்திருந்தார். மொறுமொறுவென்று இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

"எத்தனை தின்னீங்க?"

"நாலு."

"நாலா!" அவள் குரலில் பயத்தைவிட ஆர்வம் தூக்கலாக இருந்தது. "இப்ப எப்படி இருக்கு?"

"ஒண்ணும் தெரியலையே."

"தெரியாது மாமா. புகைச்சா உடனே மண்டைக்கு ஏறும். தின்னா வயிறு, குடல், கல்லீரல்னு ஊர் சுத்திட்டுத்தான் போகும். கல்லீரல் சும்மா விடாது, அதை இன்னும் வீரியமா மாத்தி அனுப்பும். ஒரு மணி நேரமும் ஆகலாம், ரெண்டு மணி நேரமும் ஆகலாம். ஒண்ணும் தெரியலையேன்னு மேல மேல தின்னுதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க."

"அப்புறம் என்ன ஆகும்?"

"வாய் வறளும், நெஞ்சு படபடக்கும், பசி பிச்சுக்கும், நேரம் நகராது. காரணமே இல்லாம சிரிப்பு வரும், பயமும் வரும். எது வந்தாலும் எனக்குச் சொல்லிடுங்க. ஒண்ணு விடாம!"

கிரேன்காரருக்குப் பயம் அப்போதே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் அவருக்கு மருத்துவப் பரிசோதனை. கட்டடம் கட்டும் இடத்தில் பனைமர உயரத்துக்கு மேல் உட்கார்ந்து, டன் கணக்கில் இரும்பைத் தூக்கி ஆட்களின் தலைக்கு மேலே கொண்டுபோகிற வேலை அவருடையது. சிறுநீரில் கஞ்சா தெரிந்தால் வேலையும் போகும், லைசென்சும் போகும்.

"உண்மையைச் சொல்லிட்டா?"

"என்னன்னு சொல்வீங்க? படுத்த படுக்கையா இருக்கற அக்காவோட மருந்தைத் தின்னேன்னா?"

கிரேன்காரர் தூங்குகிற அக்காவைப் பார்த்தார். எழுப்பிச் சொல்ல மனம் வரவில்லை.

"மாமா, ரெண்டு பிஸ்கட்டை எனக்குத் தனியா எடுத்து வைங்க. காலேஜ் லேப்ல குடுத்து, எவ்வளவு மருந்து இருக்குன்னு பாத்துச் சொல்றேன்."

அது நல்ல யோசனையாகத் தோன்றியது. இரண்டு பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டப்பாவை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாய் வறண்டுவிட்டது. நாற்காலியில் சாய்ந்து அண்ணாந்து பார்த்தார்.

"என்னத்த அப்படிப் பாக்கறீங்க?" என்றாள் மனைவி.

"இந்த ஃபேன் எவ்வளவு பொறுமையா சுத்துது பாரேன்."

"ஒண்ணுல வெச்சிருக்கேன். பொறுமையாத்தான் சுத்தும்."

கிரேன்காரருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார். சிரிக்கிறோமே என்று பயம் வந்தது. பயந்ததும் நெஞ்சு படபடத்தது. கொல்லைப்புறம் போய் அக்கா மகளைக் கூப்பிட்டார்.

"எல்லாம் வந்துருச்சும்மா. நீ சொன்ன வரிசையிலேயே வருது."

"கடிகாரத்தைப் பாக்காம ஒரு நிமிஷம் எண்ணுங்க. முடிஞ்சதும் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் அறுபது வரை எண்ணி முடித்து, "ஆச்சு" என்றார்.

"அரை நிமிஷம் கூட ஆகலை! பாடப்புத்தகத்துல இருக்கறது அப்படியே நடக்குது மாமா!"

"உன் பாடப்புத்தகத்துல இது எப்ப உடம்பை விட்டுப் போகும்னு போட்டிருக்கா?"

"அதுதான் சிக்கல். அது தண்ணியில கரையாது, கொழுப்புலதான் கரையும். நேரா உங்க தொப்பைக்குப் போய்ச் சம்மணம் போட்டு உக்காந்துக்கும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளிய வரும். நாள் கணக்காகும்."

கிரேன்காரர் தொப்பையைக் குனிந்து பார்த்தார். நன்றாக உட்கார இடம் இருந்தது.

தொப்பையைக் கரைத்தால் உள்ளே இருப்பதும் கரைந்துவிடாதா? மாலையில் பூங்காவில் ஓட ஆரம்பித்தார். கல்யாணமான பிறகு அவர் ஓடியதில்லை. இரண்டாவது சுற்றில் விசில் எதிரே வந்தான். கீழே நின்றுகொண்டு கிரேனுக்கு வழி சொல்கிற சிக்னல் ஆள். அடுத்த தெருக்காரன். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்குவதால் அவன் பெயரே அதுவாகிவிட்டது.

"அண்ணே, யாராவது துரத்தறாங்களா?"

கிரேன்காரர் மூச்சு வாங்கியபடி பெஞ்சில் உட்கார்ந்தார். சட்டை நனைந்துபோனதால் பையிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் எப்படிச் சொல்வது? அக்காவின் நோய், டாக்டர், சிகிச்சை, குமட்டல் என்று சுற்றி வளைத்தார். விசில் "ஐயோ பாவம்" என்று தலையாட்டிக்கொண்டே கேட்டான். கேட்பவனின் கை சும்மா இருக்கவில்லை.

"...அதனால டாக்டர் ஒரு மருந்து குடுத்தாரு. கஞ்சா மருந்து. அது என்னன்னா, பிஸ்கட். அந்த பிஸ்கட்டை நான்..."

கிரேன்காரர் திரும்பினார். காகிதத்தில் தூள் மட்டும் இருந்தது. விசிலின் உதட்டிலும் கொஞ்சம் இருந்தது.

"எந்த பிஸ்கட் அண்ணே?" என்றான் விசில், சின்னக் குரலில்.

செவ்வாய்க்கிழமை பரிசோதனை அவனுக்கும்தான்.

அதன்பிறகு பூங்காவில் இரண்டு பேர் ஓடினார்கள். இருட்டுகிற நேரத்தில் அக்கா மகளுக்குப் போன் போட்டு, ஓடிய கதையைப் பெருமையாகச் சொன்னார்கள்.

"ஐயையோ, ஓடாதீங்க! கொழுப்பு கரைஞ்சா உள்ள உக்காந்திருக்கறது ரத்தத்துல வந்து சேரும். பட்டினியும் கிடக்காதீங்க, அதுவும் அதே கதைதான்."

"தண்ணி?" என்றான் விசில். "குடம் குடமா குடிச்சா கழுவிட்டுப் போயிடாதா?"

"பச்சைத்தண்ணி மாதிரி போனா லேப்ல சந்தேகப்பட்டு, ஆள் பக்கத்துல நின்னு பாக்க மறுபடியும் எடுப்பாங்க."

விசில் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தான். பாதியைக் குடித்து முடித்திருந்தான். "அண்ணே, எனக்குக் கை ரெண்டும் ரொம்ப தூரத்துல இருக்கற மாதிரி இருக்கு."

"புது அறிகுறி!" என்றாள் அக்கா மகள். "மாமா, அவரையும் ஒரு நிமிஷம் எண்ணச் சொல்லுங்க."

திங்கட்கிழமை காலையில் கிரேனின் ஏணிக்குக் கீழே கிரேன்காரர் நின்றார். முதல் படியில் கால் வைத்தார், எடுத்துவிட்டார். கீழே கம்பி கட்டுகிறவர்கள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய மஞ்சள் தொப்பிகளைப் பார்த்ததும் அவருக்கு முடிவு தெரிந்துவிட்டது. வேலை போனாலும் போகட்டும், தலையில் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இன்னொருவன் தலைக்கு மேல் இரும்பைத் தூக்க முடியாது.

மேஸ்திரியிடம் போய், "முட்டி வலிக்குது. ஏற முடியாது" என்றார்.

பின்னாலேயே விசில் வந்தான். "எனக்குக் காது அடைச்சிருக்கு. ஒண்ணும் கேக்கலை."

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லயா?" என்றார் மேஸ்திரி மெதுவாக.

"ஆமா சார்" என்றான் காது கேட்காதவன்.

மேஸ்திரி இருவர் கண்களையும் உற்றுப் பார்த்தார். இரண்டு பேரும் தூங்காததால் கண்கள் சிவந்திருந்தன. "கான்கிரீட் லாரி வாசல்ல நிக்குது. கிரேன் சும்மா நிக்குது. சரி, போங்க. நாளைக்கு டெஸ்டுக்கு முதல் ஆளா நீங்க ரெண்டு பேரும்தான் போறீங்க. நானும் கூட வர்றேன்."

அன்று முழுக்க இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. பட்டினி கூடாதென்று அக்கா மகள் சொன்னதை மறக்கவில்லை. ஆனால் பசி எடுத்தது. பசி எடுத்தால் மருந்து வேலை செய்கிறதென்று அர்த்தம். மருந்தின் பேச்சைக் கேட்டுச் சாப்பிடக்கூடாது என்று விசில் உறுதியாகச் சொன்னான். சாப்பிடாததால் பசி இன்னும் எடுத்தது. மருந்தின் வீரியத்தை நினைத்து இருவரும் மலைத்துப்போனார்கள்.

சாயங்காலம் கிரேன்காரர் மறுபடியும் அக்கா மகளைக் கூப்பிட்டார். மனதில் ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, அந்தச் செடி பாட்டுக்கு எங்கேயோ முளைச்சுக் கிடக்குது. அது எப்படி என் உடம்புக்குள்ள வந்து இத்தனை வேலை காட்டுது?"

"உங்க உடம்புல அதுக்குப் பூட்டு இருக்கு மாமா. மூளையில, நரம்புல, குடல்ல, எல்லா இடத்துலயும். அது வந்து சாவி மாதிரி பொருந்திக்குது."

"நான் அந்தச் செடியை நேர்ல பாத்ததுகூட இல்லையே. எனக்கு எதுக்குப் பூட்டு?"

"பூட்டு செடிக்காக இல்ல. உங்க உடம்பே அந்த மாதிரி ஒரு சாவியைச் செய்யுது. வேணுங்கறப்ப செஞ்சு, வேலை முடிஞ்சதும் உடனே அழிச்சிடும். வலி குறையணுமா, பசிக்கணுமா, பயம் அடங்கணுமா, மறக்கணுமா, எல்லாத்துலயும் அதுக்குப் பங்கு இருக்கு. செடி ஏதோ தற்செயலா அதே அச்சுல ஒரு கள்ளச்சாவி வெச்சிருக்கு. அது சீக்கிரம் அழியாது, அவ்வளவுதான்."

"மறக்கறதுக்குக் கூடவா சாவி?"

"பஸ்ல பாத்த ஒவ்வொரு முகமும் வீட்டுக்கு வந்தும் ஞாபகம் இருந்தா மனுஷன் தாங்குவானா மாமா?"

கிரேன்காரர், ஐம்பது வருஷமாகத் தான் குடியிருக்கிற வீட்டில் இப்படி அறைகள் இருப்பது இப்போதுதான் தெரிகிறது என்பதுபோல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அக்காவுக்கு?"

"அம்மாவுக்கு சிகிச்சையில பசியோட பூட்டு இறுகிப்போச்சு. அந்த மருந்துதான் கொஞ்சம் திறந்து விடுது."

போனை வைத்த பிறகு அவர் விசிலிடம் சொன்னார்: "வேலை போறது ஒரு பக்கம் கிடக்கட்டும்டா. நான் என் அக்காவோட பசியைத் திருடித் தின்னிருக்கேன்."

செவ்வாய்க்கிழமை காலையில் மேஸ்திரி முன்னால் நடக்க, இருவரும் பலியாடுகள் போல் பின்னால் போனார்கள். பரிசோதனைக் கூடத்துப் பெண் குப்பிகளை வாங்கினாள். சோதனைப் பட்டையை நனைத்தாள். பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. சுத்தம்."

"நல்லாப் பாரும்மா!" என்று கத்தினார் கிரேன்காரர்.

மேஸ்திரிகூட அவரை விநோதமாகப் பார்த்தார். பிறகு அரை மனதோடு தோளில் தட்டி, "இன்னைக்கு ஓய்வு எடுங்க. நாளைக்குக் காலையில மேல ஏறுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா மகள் நம்பவில்லை. "நாலு பிஸ்கட்டா? வாய்ப்பே இல்ல! மாமா, உங்க கல்லீரல் ஏதோ தனி ரகம். விடுமுறைக்கு வர்றப்ப உங்க ரத்தம் கொஞ்சம் வேணும்."

எதுவாக இருந்தாலும் இனி அக்காவிடம் மறைக்கக்கூடாது என்று கிரேன்காரர் முடிவு செய்தார். தானும் தின்றவன் என்கிற முறையில் விசிலும் கூட வந்தான். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் காத்திருப்போம் என்று சமையலறையில் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் இரண்டு நாள் பசி இருவரையும் ஒன்றாகக் கவ்வியது.

"அண்ணே, இப்பப் பசிச்சா அது நம்ம சொந்தப் பசிதானே?"

"டெஸ்டே சொல்லிருச்சு. நம்மளதுதான்."

மேசையில் ரொட்டி இருந்தது. பிரிட்ஜைத் திறந்தால் ஒரு கிண்ணத்தில் வெண்ணெய். விசில் ஒரு துண்டு ரொட்டியில் விரல் கனத்துக்குப் பூசினான். கிரேன்காரர் அவனுக்குக் குறைவில்லாமல் பூசினார். ரொட்டி காலியான பிறகுதான் இருவரும் நிமிர்ந்தார்கள்.

"லேசாக் கசக்குதில்ல?" என்றான் விசில், கிண்ணத்தின் அடியை வழித்தபடி.

"ரெண்டு நாள் காய்ஞ்ச வாய்டா. எல்லாமே கசக்கத்தான் செய்யும்."

கிரேன்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நெஞ்சு படபடக்கவில்லை. சிரிப்பு வரவில்லை. உடம்பு மறுபடியும் தன் கைக்கு வந்துவிட்டது. நாளைக் காலையில் மேலே ஏறினால் ஊர் எப்படித் தெரியும் என்று ஆசையாக நினைத்துப் பார்த்தார்.

வாசல் கதவு திறந்தது. அக்காவைக் கவனித்துக்கொள்ள தினமும் மதியம் வருகிற நர்ஸம்மா. இருவருக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு, கையைக் கழுவி, அக்காவின் நீல டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். பிரிட்ஜைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள். பிறகு மேசைமேல் இருந்த வெறும் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"ஐயையோ, அம்மாவோட மருந்து வெண்ணெய் எங்கே? இந்த பிஸ்கட்ல நகக்கண் அளவு தடவிக் குடுத்தாலே அவங்களுக்கு நாள் பூரா தாங்குமே!"