ஒன்பது வோல்ட்டுக்கு ஓர் ஆயுத பூஜை

தி.நகர்,
விஜயதசமிக்கு மறுநாள், 1978.

எந்தத் துறைமுகத்தில் இதைப் பிரித்தாலும் அங்கே நலமாக இருக்கப்போகிற என் மரியாதைக்குரிய கருணாகரன் அத்தான் அவர்களுக்கு, உங்கள் ஒரே மைத்துனன் கனகராஜ் கைகட்டி, வாய்பொத்தி, பேனாவை மட்டும் பொத்தாமல் எழுதுவது.

இதனால் சகல கப்பல்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நேற்றுக் காலை நம் வீட்டு டி.வி.யில் ஒரு வெள்ளைப் புள்ளி இடது ஓரத்திலிருந்து புறப்பட்டு, வலது ஓரம் சென்று, அங்கே நின்ற ஒரு வெள்ளைக் கோட்டில் முட்டிக்கொண்டு, பத்திரமாக இடது ஓரம் திரும்பி வந்து சேர்ந்தது. வழியில் உயிர்ச்சேதம் இல்லை. இங்கே அப்பா, அம்மா, தங்கம், நான், நீங்கள் அனுப்பிய ஆட்டப் பெட்டி ஆகிய ஐவரும் சுகம். ஐந்தாவது ஆள் சுகமாக இருப்பதுதான் அதிசயம்.

சிரிக்காதீர்கள் அத்தான். அந்தப் புள்ளியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் என் எதிர்காலமே தொங்கிற்று. போன லீவில் நீங்கள் சொன்னீர்களே, அமெரிக்காவில் மாலுமிகள் கிளப்பில் அலமாரி உயரத்துக்கு ஒரு மெஷின் நிற்கும், காசு போட்டு நின்றபடியே அதன் திரையில் பந்தாட்டம் ஆடுவார்கள் என்று. உங்கள் சிநேகிதர் கொண்டுவந்து கொடுத்த இந்தக் குட்டிப் பெட்டியையும் அதே மாதிரி எழுப்பி நிறுத்திவிடுவது என்று நான் தீர்மானித்தேன். நம் ஜவுளிக் கடையில் கழித்துப் போட்ட கண்ணாடி ஷோகேஸ் ஒன்று கிடைத்தது. அதில் வருஷக்கணக்காக ரவிக்கை போட்டுக்கொண்டு நின்ற பொம்மைக்குப் பணி ஓய்வு கொடுத்து, உள்ளே டி.வி.யை வைத்து, முன்னால் பலகை அடித்து, அதில் ஆடுகிற குமிழ் இரண்டையும் பொருத்தினேன். எல்லாம் தயார், ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கரண்ட். அப்பா வந்து பார்த்தார். நான் பத்தாவது முடித்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துணி கிழிக்க வேண்டும் என்பது அவர் ஆசை, பாலிடெக்னிக் போக வேண்டும் என்பது என் ஆசை என்று உங்களுக்குத்தான் தெரியுமே. "ஏலே, விஜயதசமிக் காலையில இதை எரிக்காம ஓட்டிக் காட்டு. ஓடுச்சுன்னா பாலிடெக்னிக். எரிஞ்சுதுன்னா அன்னிக்கே மீட்டர் கோலைக் கையில தாரேன். புது வித்தை ஆரம்பிக்க அதைவிட நல்ல நாள் கிடையாது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

பெட்டியோடு வந்த கறுப்பு அடாப்டரை எடுத்தேன். அதற்கு இரண்டு தட்டைப் பல், நம்ம சுவருக்கு உருண்டை ஓட்டை. பல்லில் ஒயரைச் சுற்றி, ஓட்டையில் தீக்குச்சி வைத்து இறுக்கலாம் என்று பார்த்தால், அதன் அடியில் பொடி எழுத்தில் உள்ளே 110, வெளியே 9 என்று போட்டிருக்கிறது. நம்ம ஊர் கரண்டோ 230. "அண்ணே, விருந்தாளிக்கு வாய் சின்னது, நீ அண்டாவோட ஊட்டப் பாக்குற" என்றாள் தங்கம். ஒன்பதாவது படிக்கிறவளுக்கு வாய் மட்டும் பி.யூ.சி. சரி, ஒன்பது வோல்ட் எங்கே கிடைக்கும் என்று பின் தெருவில் கல்யாணங்களுக்கு மைக் செட் போடுகிற கபாலியிடம் போனேன். அவர் ஒரு பெரிய பாட்டரியைத் தட்டிக் காட்டி, "பன்னண்டு ஓல்ட்டு கீது நைனா. உனுக்கு ஒம்போது வோணும்னா மேல கீற மூணை நீ குடிச்சுடு" என்றார். மூன்றை எங்கேயாவது இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் அதைச் சைக்கிள் காரியரில் ஏற்றி, ஆடாமல் இருக்க நம் வீட்டுக் கொடியிலிருந்து எடுத்துப் போன ஒரு துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தேன். வந்து அவிழ்த்தால் ஆசிட் ஒழுகியிருக்கிறது. துணி யாருடையது என்றால் அப்பாவுடையது, பூஜைக்கென்று துவைத்துப் போட்ட எட்டு முழம். பிரித்துப் பிடித்தேன், அந்தப் பக்கம் நின்ற தங்கம் முழுசாகத் தெரிந்தாள். சாயங்காலம் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "ஜவுளிக்கடைக்காரன் வேட்டியிலயே சன்னல் வச்சிட்டியலே" என்று மட்டும்தான் சொன்னார். அவர் கத்தியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆயுத பூஜை அன்று காலை, பாட்டரியைக் கபாலியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு வழியில்லாமல் ரிச்சி தெருவுக்கு ஓடினேன். அங்கே நடைபாதைக் கடையில் ஒருத்தர், டிரான்சிஸ்டர் ரேடியோவைச் சுவரில் சொருகி ஓட்டுவதற்கான எலிமினேட்டர் ஒன்றை எடுத்து வைத்தார். சோப்புப் பெட்டி அளவு, தலையில் ஒரு குமிழ், குமிழைச் சுற்றி மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாக நம்பர். "எத்தினி வோணுமோ அத்தினில திருப்பி வெச்சுக்க நைனா. நம்ப சரக்கு. கண்ணை மூடிக்கினு சொருவலாம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் சொருக வேண்டியிருக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அதை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் காணோம். கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் கடைக் கத்திரிக்கோல், மீட்டர் கோல், தையல் மெஷின், அரிவாள்மனை இவற்றுக்கு நடுவில் புது மாப்பிள்ளை மாதிரி அது உட்கார்ந்திருக்கிறது. அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் ஒரு மூஞ்சி தெரிந்திருக்கிறது. நெற்றி எங்கே என்று தேடி, சரியாக நம்பர் எழுதியிருந்த இடத்தில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமத்தையும் வைத்துவிட்டாள். "அம்மா, அதைக் குடு, நாளைக்குக் காலையில ஓட்டிக் காட்டணும்" என்றேன். "பூஜையில வச்சதை எடுக்கக் கூடாதுலே. காலையில எடு" என்றாள். காலையில் எடுத்தேன். சந்தனம் காய்ந்து சிமெண்டாக இறுகியிருந்தது. லேசாகச் சுரண்டப் போனதுதான் தாமதம், "நல்ல நாளும் அதுவுமா பொட்டையா அழிக்க? வெளங்குவியாலே நீ?" என்று கரண்டியோடு வந்துவிட்டாள். குமிழ் எந்த நம்பரில் நிற்கிறது என்பது இனி அந்தச் சரஸ்வதிக்கே வெளிச்சம்.

கூடத்தில் பார்த்தால் ஒரு சபையே கூடியிருக்கிறது. கடைச் சிப்பந்திகள், கபாலி, வேறு வேட்டியில் அப்பா, அப்பா கையில் மீட்டர் கோல், அதற்கும் ஒரு பொட்டு. சாதாரண ஆளாக இருந்தால் இந்த நேரத்தில் அவசரப்பட்டிருப்பான் அத்தான். ஆனால் ஒரு மின்சார நிபுணன் பெட்டியில் நேரே சொருகுவானா? முதலில் ஒரு ஒன்பது வோல்ட் பல்பை வைத்துப் பரீட்சை பண்ணினேன். பல்ப் ஒரு விநாடி சூரியனாக ஜொலித்தது, அடுத்த விநாடி 'பட்'டென்று வெடித்துச் சனியாகிவிட்டது. குமிழ் நின்றது பன்னிரண்டில்! அந்த பல்ப் மட்டும் குறுக்கே நின்று உயிரைக் கொடுத்திராவிட்டால் உங்கள் பெட்டி போயிருக்கும், அதோடு நானும் கல்லாப் பக்கம் போயிருப்பேன். சபையே எழுந்து பின்வாங்கிற்று. நான் மட்டும் கலங்காமல் பத்தே நிமிஷத்தில் கோளாறு முழுவதையும் சீர்செய்து பெட்டிக்கு உயிர் கொடுத்தேன். முதலில் படம், புடவையை மடித்துப் போடுவது போலச் சுருண்டு சுருண்டு மேலே ஓடிற்று. டி.வி.க்குப் பின்னால் கையை விட்டு ஒரு குமிழை மெல்லத் திருகினேன். படம் நின்றது. புள்ளி வந்தது.

"இன்னா நைனா, அது பாட்டுக்குப் போய்க்கினு வந்துக்கினு கீது, கதையே ஆரம்பிக்கலியே?" என்றார் கபாலி. அப்பா அவரை நகரச் சொல்லிவிட்டுக் குமிழைப் பிடித்தார். மறுபக்கம் தங்கம். ஆடினார், தோற்றார், மறுபடி ஆடினார், மறுபடி தோற்றார். "கடையிலயும் நிக்கேன், இங்கயும் நிக்கேன், ரெண்டு இடத்துலயும் பொம்பளைககிட்ட தோக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மீட்டர் கோலை எடுத்து மூலையில் சாத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரிலே. பத்தாவது பாஸ் பண்ணு, பாலிடெக்னிக்ல சேத்துடுதேன்" என்றார். அத்தான், சட்டைக்குள் ஒரு வாரமாக யாரோ உட்கார்ந்திருந்து, அப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. அம்மா கொடுத்த சுண்டல் அன்றைக்குத்தான் சுண்டல் மாதிரி ருசித்தது.

உங்கள் கப்பலுக்குக் காற்றும் அலையும் அடக்கமாக நடந்துகொள்ளட்டும். உங்கள் ஆசி என் தலைக்கும், அடுத்த முறை வருகிற பெட்டி என் கைக்கும் வந்து சேர வேண்டும். தூத்துக்குடியில் சுந்தரவல்லி அக்காவுக்குத் தனியாக எழுதுகிறேன், இன்னும் கொஞ்சம் விரிவாக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மைத்துனன், வருங்கால மின்சார நிபுணன்,
சி. கனகராஜ்

பி.கு.: ஏரோகிராமை ஒட்டச் சொல்லித் தங்கத்திடம் கொடுத்தேன். படித்துவிட்டாள். கீழே இருப்பதை நான் எழுதினால்தான் ஒட்டுவாளாம், இல்லையென்றால் அவளே தனியாக ஒன்று போடுவாளாம். அவள் எழுதினால் இதைவிட மோசமாக இருக்கும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன். பல்ப் வைத்துப் பார்க்கும் யோசனை என்னுடையது இல்லை. நான் நேரே பெட்டியில்தான் சொருகப் போனேன். "அண்ணே, முதல்ல எதையாவது பலி குடு" என்று என் கையைப் பிடித்து பல்பைத் திணித்தது அவள். அந்தப் பத்து நிமிஷமும் நான் சீர்செய்தது என் மூக்கைத்தான். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அதற்குள் தங்கம் உங்கள் பெட்டியைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் இருந்த மூடியைத் தள்ளித் திறந்து, மளிகைக் கடையிலிருந்து ஆறு டார்ச் செல் வாங்கி வந்து உள்ளே போட்டிருக்கிறாள். ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட், ஆறும் சேர்ந்து ஒன்பது. அது முதலிலிருந்தே செல்லில் ஓடுகிற பெட்டியாம் அத்தான். டி.வி.க்குப் பின்னால் குமிழைத் திருகினது மட்டும் சத்தியமாக நான். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அவளைச் செல் வாங்க அனுப்பினதே அவர்தான். பாலிடெக்னிக்கும் நிஜம்தான். ஆனால் அவர் சொன்னதில் பின்பாதியை மேலே விட்டுவிட்டேன், அதையும் எழுதச் சொல்லித் தங்கம் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள்: "அதுக்கு மறு வருசம் தங்கத்தையும் சேத்துடுதேன். அவ வாரவரைக்கும் நீ அங்க எதையும் சொருகாதே."