அலமாரியைத் திறக்க மாட்டேன்

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. "இங்கு அனைவரும் நலம்" என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அனைவரும் என்றால் இப்போது நான் ஒருத்திதான், நானும் நலமில்லை. அதனால் நீங்களாவது நலமாக இருங்கள்.

உங்கள் தம்பி போனபின் பிடித்த இருமல் என்னை இன்னும் விடவில்லை. தலைவலி, அசதி, மூக்கடைப்பு எல்லாம் கூடவே குடிவந்துவிட்டன. முதல் டாக்டர் துக்கம் என்றார். அடுத்தவர் வயசு என்றார். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், இனி எடுக்க உயிர்தான் பாக்கி. என் மகன் எதையோ படித்துவிட்டு, "அம்மா, உன் ரூம் சுவர்ல இருக்கிற பூஞ்சைதான் காரணம். யூரின் டெஸ்ட் எடு, உடம்புல ஏறின விஷம் தெரியும். கரி மாத்திரை சாப்பிடு, அதை உறிஞ்சிடும்" என்று போனில் சொல்கிறான். "கரியைத் தின்னா பூசணம் போயிடுமாடா, இல்ல கறுப்புல தெரியாமப் போயிடுமா?" என்று கேட்டேன். வைத்துவிட்டான்.

லேப் வைத்திருக்கிற உங்கள் மருமகன், நல்ல மனுஷர், அவர் பங்குக்கு மூடி போட்ட ஒரு சின்னத் தட்டு அனுப்பினார். காற்றில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க, படுக்கையறையில் திறந்து வைத்து, பிறகு மூடித் திருப்பி அனுப்ப வேண்டுமாம். திறந்தால் உள்ளே ஏதோ பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. யார் வீட்டிலோ வைத்த தட்டைக் கழுவாமல் அனுப்பிவிட்டார்களே என்று வெந்நீர் ஊற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்துத் துடைத்து வைத்தேன். பாத்திரம் விஷயத்தில் என்னிடம் குறை கண்டுபிடிக்க முடியாமல் ஓய்ந்தவர் ஆயிற்றே நீங்கள். அப்படியே மூடி அனுப்பினேன், முடிவு வந்தது: இந்த வீட்டுக் காற்றில் ஒன்றுமே இல்லை. அதை எந்த நேரத்தில் வீட்டு ஓனரிடம் காட்டினேனோ, "பாத்தீங்களாம்மா, ஆஸ்பத்திரியைவிட சுத்தம்! நீங்கதான் சும்மா இருமுறீங்க" என்கிறார். அவர் தலைக்கு மேலே குழாய் கசிந்து சொட்டுகிறது, தலையைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார்! அப்புறம்தான் மருமகன் போன் செய்து, "அத்தை, அந்தப் பிசுபிசுப்புலதான் பூஞ்சை வளரணும்" என்றார். முன்னாலேயே சொன்னால் வாய் வலிக்குமா?

கடைசியாகப் போனது ஒரு டாக்டரம்மாவிடம். மூச்சை அளக்கிற குழாயில் ஊதச் சொன்னார், ஊதினேன். "வெளியூர் போனா இருமல் இருக்கா?" என்று கேட்டார். உங்கள் வீட்டில் தங்கியபோது இருமவே இல்லை என்றேன். நீங்கள் பேசுகிற பேச்சுக்கு நடுவில் இரும எங்கே இடம்?

"அதாம்மா பெரிய டெஸ்ட். யூரின் டெஸ்ட்டும் வேண்டாம், கரியும் வேண்டாம். மூச்சுக்கு மருந்து தரேன். கசிவை அடைச்சு சுவரைக் காயவைங்க, அதுவரைக்கும் அந்த ரூம்ல படுக்காதீங்க. பூஞ்சை பிடிச்ச துணியெல்லாம் தூக்கிப் போடுங்க" என்றார்.

எந்தத் துணி? அந்தச் சுவரை ஒட்டி நிற்கிற அலமாரியில் இருப்பவை உங்கள் தம்பியின் சட்டைகள். அவர் வாசனை போய்விடக்கூடாது என்று ஜன்னலைக்கூடத் திறக்காமல் காத்து வருகிறேன். தினமும் இருட்டில் ஒரு விரற்கடை கதவைத் திறந்து, மோந்துவிட்டு மூடுகிறேன். அதைத் தூக்கிப் போடுவதாமே! "எத்தனை ஊசி வேணா போடுங்க, எந்த டெஸ்ட் வேணா எடுங்க, அலமாரி பேச்சை மட்டும் எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஆகவே என் முடிவு இது. மருமகனிடம் சொல்லி யூரின் டெஸ்ட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பாட்டிலைக் கழுவ மாட்டேன். கரியையும் தின்கிறேன். வீட்டை ஒழித்துத் தருகிறேன் பேர்வழி என்று நீங்கள் கிளம்பி வர வேண்டாம்.

அண்ணனுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் பெருவாழ்வு வாழட்டும். உங்கள் குரல் என்றும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
இருமலுடன்,
உங்கள் தம்பி மனைவி

பின்குறிப்பு: ஒரு சட்டையை உங்களுக்கு அனுப்பினால், மோந்து பார்த்து நீங்களே புரிந்துகொள்வீர்கள் என்று அலமாரியை முழுசாகத் திறந்தேன். அண்ணி, சட்டையெல்லாம் பூனைக்குட்டி மாதிரி மயிர் முளைத்துத் தொங்குகிறது. இத்தனை நாளும் நான் மோந்தது சுவரை. அவர் எப்போதோ போய்விட்டார், வாசனையையும் எடுத்துக்கொண்டு. நன்றாக அழுதேன், அதைவிட நன்றாக இருமினேன். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட்டேன். தப்பியது ஒரே ஒரு சட்டை, நீங்கள் எடுத்துக் கொடுத்தீர்களே, அந்தக் கிளிப்பச்சை நைலான். அக்கா மனசு நோகும் என்று பத்திரமாக வைத்திருந்தாரே தவிர, ஒரு நாளும் போட்டதில்லை. பூசணத்துக்கும் பிடிக்கவில்லை போல. அதைத்தான் இப்போது மேலே மாட்டிக்கொண்டு எழுதுகிறேன். டெஸ்ட் ஒன்றும் வேண்டாம், கிளம்பி வாருங்கள். அலமாரியை நகர்த்த இன்னொரு ஆள் வேண்டும், அழுவதற்கும்.