மாமியார் உரித்த படகு

மரியாதை தெரிந்த மாப்பிள்ளை அமைவது பாக்கியம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதில் ஓர் ஆபத்தும் உண்டு. மாமியார் தப்பு செய்யும்போது அவர் வாயைத் திறக்க மாட்டார். என் மாப்பிள்ளை தனசேகர் மட்டும் கொஞ்சம் வாயாடியாக இருந்திருந்தால் ஒரு நல்ல படகு தப்பித்திருக்கும். (நான் சொல்லச் சொல்ல எழுதுவது என் பேத்தி. எனக்குத் தெரிந்த ஒரே எழுத்து கட்டைவிரல் ரேகைதான். இவள் நடுநடுவே சிரிப்பதால் வேலை மெதுவாகத்தான் ஓடுகிறது.)

ஆம்பூர்ப் பக்கத்தில் படகு ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். பாலாற்றில் மணலையும் முள்செடியையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. எங்கள் ஊர் ஏரி கரை தொட்டு நின்றது. சாயங்காலமானால் ஜனங்கள் பிள்ளைகளோடு கரையில் வந்து சும்மா தண்ணீரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களைக் காசுக்குப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டினால் என்ன என்று தனசேகருக்கு அப்போதுதான் யோசனை வந்தது.

அவர் குடியாத்தத்துப் பிள்ளை. வீட்டில் தறிச் சத்தம், பிறகு ஷூ கம்பெனியில் கட்டிங் மிஷின் சத்தம். "பொறந்ததுலேர்ந்து காதுல மிஷின்தான் ஓடுது அத்தை. இனிமே தண்ணி சத்தம் கேட்டுகினு பொழைக்கலாம்னு பாக்குறேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, கடலோரத்திலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. ஒரு கிழவர் அதைத் தொட்டுப் பார்த்து, "தண்ணித் தொட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சிக்கல் படகின் அடிவயிற்றில் இருந்தது. அடி முழுக்கச் செங்கல் நிறத்தில் தடித்த பெயிண்ட். மீன்வளத் துறையிலிருந்து ஒரு மேடம் வந்து பார்த்தார். சின்ன வயசுப் பெண், கறாரான பேச்சு.

"கடல்ல கெடந்தா படகு அடியில சிப்பி, பாசியெல்லாம் ஒட்டிக்கும். அது ஒட்டாம இருக்க விஷம் கலந்து அடிக்கிற பெயிண்ட் இது. ஏரியில மீன் குஞ்சு விட்டிருக்கோம். மாடுங்க வேற தண்ணி குடிக்குது. இதை மொத்தமா எடுத்துடுங்க. ஞாயித்துக்கெழம வர்றேன். சுத்தமா இருந்து, படகும் நல்லா மிதந்தா ஏரியில ஓட்ட பர்மிஷன். இல்லன்னா வேற ஒருத்தர் கேட்டுகினு இருக்கார், அவருக்குப் போயிடும்."

அன்று ராத்திரி மாப்பிள்ளை சாப்பிடவில்லை. பர்மிஷன் கிடைக்காவிட்டால் விட்ட கம்பெனி வாசலிலேயே போய்த் தலை குனிந்து நிற்க வேண்டும். என் மகள் கலா தட்டை எடுத்துப் போய் எதிரில் வைத்தாள், திரும்ப எடுத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் படகைக் கவிழ்த்துப் போட்டு வேலையைத் தொடங்கினார். கீழே பெரிய தார்ப்பாய், முகத்தில் மாஸ்க், கையில் உறை. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தார். தூள் பறக்கக்கூடாதாம், மூக்கில் போகக்கூடாதாம், மண்ணில் விழக்கூடாதாம். கரெக்டான வேலைதான். ஆனால் நான் டீ கொண்டுபோனபோது ஒரு தோசையளவு இடம்தான் வெளுத்திருந்தது. படகோ கல்யாணப் பந்தி நீளம்.

அங்கேதான் எனக்குள் இருந்த டேனரிக்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

வயசுப் பெண்ணாக இருந்த நாளிலிருந்து நான் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவள். ஆட்டுத்தோலுக்குச் சுண்ணாம்புக் குழம்பு பூசி அடுக்குவது என் வேலை. ஒரு ராத்திரி ஊறினால் போதும், மறுநாள் மயிர் தானாகக் கழன்று வரும். பிறகு வளைந்த மரத்தின் மேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த நீளக் கத்தியால் வழிப்பார்கள். அது ஆண்கள் வேலை. என் வீட்டுக்காரர் அதில் கெட்டிக்காரர். நான் கத்தி பிடித்ததே இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தாலே தொழில் வந்துவிடும் என்று நம்புகிற ரகம் நான்.

"மாப்பிள, இப்பிடித் தேச்சா பொங்கல் வந்துடும். சுண்ணாம்பு பூசி ஊற வெச்சிட்டு, காலையில வழிச்சா முடிஞ்சுது" என்றேன்.

அவர் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாக எழுந்து நின்றார். "அத்தை, இது தோல் இல்லீங்களே."

"எல்லாத்துக்கும் மேல ஒரு தோல் இருக்குது. உரிக்கத் தெரியணும்."

"சரிங்க அத்தை."

அவ்வளவுதான் பேச்சு. கலா மட்டும் ஜன்னலிலிருந்து, "ம்மா, உனுக்கு இன்னாத்துக்கு இந்த வேலை?" என்றாள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். (காது கேட்காமல் போவது வயசானவர்களுக்குக் கடவுள் கொடுத்த வசதி.)

அன்று சாயங்காலமே படகின் ஒரு பக்கம் முழுக்க நானே சுண்ணாம்புக் குழம்பு பூசினேன். சனிக்கிழமை காலையில் பார்த்தால் எல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். துணி சிவப்பானது. "பாத்தீங்களா மாப்பிள, கழலுது" என்றேன். அந்தப் பெயிண்ட்டை வெறும் தண்ணீரில் துடைத்தாலும் சிவப்பு வரும் என்பது அவருக்குத் தெரியும். அவர் "ஆமாங்க அத்தை" என்றார்.

பரணிலிருந்து என் வீட்டுக்காரரின் கத்தியை இறக்கி, கல்லில் தீட்டிக்கொண்டு வந்தேன். கவிழ்த்துப் போட்ட படகு அச்சு அசலாக டேனரி மரம் மாதிரியே வளைந்திருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு தள்ளுத் தள்ளினேன். சிவப்புப் பெயிண்ட் கேரட் தோல் மாதிரி சுருண்டு விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இந்த வயசில் ஒரு புதுத் தொழில் கைகூடி வந்தது போல இருந்தது.

சிவப்புக்குக் கீழே வெள்ளை தெரிந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். அதுதான் படகின் சொந்த மேல்பூச்சு, தண்ணீரை உள்ளே விடாமல் காப்பது அதுதான். ஆனால் டேனரியில் அரைகுறையாக வழித்தால் மேஸ்திரி தோலைத் திருப்பித் தூக்கிப் போடுவார். இந்த வெள்ளையும் ஏதோ ஒரு பழைய பெயிண்ட்தான் என்று நினைத்து அதையும் வழித்தேன். வெயிலில் வெந்த பழைய படகு, வெள்ளை செதில் செதிலாகக் கிளம்பி வந்தது. அதற்கும் கீழே மஞ்சளாகக் கட்டம் கட்டமாக ஒன்று தெரிந்ததும், நிஜமான தோலுக்கு வந்துவிட்டோம் என்று எனக்குப் புல்லரித்தது.

மறுபக்கம் உப்புத்தாளோடு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"அத்தை," என்றார் மெதுவாக, "இழை தெரியுதுங்க."

"நல்லா தெரியுதில்ல?"

"ஊடும் பாவும் தெரியுதுங்க அத்தை."

"அதான் மாப்பிள சுத்தம்."

மாப்பிள்ளை உப்புத்தாளைக் கீழே வைத்தார். வேறு யாராவது அந்தக் கத்தியைப் பிடித்திருந்தால் பிடுங்கி எறிந்திருப்பார். மாமியார் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவார்? "டீ சாப்பிட்டுட்டு வாங்களேன் அத்தை" என்றார். நான் டீயை அங்கேயே கொண்டுவரச் சொன்னேன். நான் கை கழுவிக்கொண்டு எழுந்தபோது என் பக்கத்து அடி முழுக்கக் கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருந்தது.

சாயங்காலம் அரிப்பு ஆரம்பித்தது. ஃபைபர் என்பது கண்ணாடி நூலாம், எனக்கு யார் சொன்னார்கள்? கழுத்து, கை, முதுகு என்று சொறிந்தேன். என் புடவையைத் துவைத்த கலா சொறிந்தாள். கொடியில் பக்கத்தில் காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்ட மாப்பிள்ளையும் சொறிந்தார், அதையும் நான் பார்க்காதபோது மட்டும். அடுத்த வீட்டு சபீரா வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"இன்னா அக்கா, வீடே ஒரு தினுசா ஆடிகினு இருக்குது?"

"படகு வேலை சபீரா. ஜாஸ்தி உழைப்பு."

மாப்பிள்ளை ராத்திரியெல்லாம் விளக்கு வைத்துக்கொண்டு தன் பக்கத்தைத் தேய்த்து முடித்தார். ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். கரையில் ஊரே நின்றது. படகின் அடியைக் கையால் தடவிப் பார்த்து, "பெயிண்ட் துளிகூட இல்ல" என்றார். நான் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வந்து நின்றேன்.

மேடமும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். மாப்பிள்ளை துடுப்பு போட்டார். படகு அழகாகப் போனது. கொஞ்ச தூரத்தில் மேடம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரத்தில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை துடுப்பை விட்டுவிட்டுச் சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவது கரையிலிருந்தே தெரிந்தது. நான் முன்வரிசையிலிருந்து மெதுவாகப் பின்வரிசைக்குப் போனேன்.

படகு எப்படியோ கரையோரம் வந்ததும் முட்டியளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்த மேடம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மீனுக்கு இனிமே ஆபத்து இல்ல. ஏர்ற மனுஷங்களுக்குத்தான். யார் இந்த வேலையைச் செஞ்சது?"

மாப்பிள்ளை நனைந்த சட்டையோடு நின்றார். "நான்தான் மேடம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு அரிப்பெல்லாம் நின்றுவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன். "இல்லம்மா, நான்தான். அவரு கரெக்டாத்தான் தேச்சிகினு இருந்தாரு. அவரு தேச்ச பக்கத்தைப் பாரு, நான் உரிச்ச பக்கத்தைப் பாரு" என்றேன். படகைக் கரையேற்றிக் கவிழ்த்தார்கள். அவர் பக்கம் முட்டை மாதிரி வழவழவென்று வெள்ளையாக இருந்தது. என் பக்கம் உரித்த கோழி.

மேடம் இரண்டையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் மூக்கு விரிந்தது. "அடுத்த வாரம் வர்றேன்" என்றார்.

ஃபைபர் தண்ணீர்த் தொட்டிகளை ஒட்டுகிற ஆள் ஒருவரை வாலாஜாபேட்டையிலிருந்து மாப்பிள்ளை கூட்டி வந்தார். என் பக்கம் முழுக்கப் புதுத் துணி வைத்து, பசை ஊற்றி, பூச்சுப் பூச வேண்டுமாம். அவர் வந்து இறங்கிய அன்றைக்கே மாப்பிள்ளை என்னிடம் வந்து கை கட்டி நின்றார்.

"அத்தை, அரக்கோணத்து அத்தை போன் பண்ணாங்க. உங்கள பாக்கணும்போல இருக்குதாம்."

அரக்கோணத்தில் இருப்பது என் தங்கச்சி. கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியுமா? ரயில் ஏறிப் போனேன். கதவைத் திறந்தவள், "இன்னாக்கா, நெஜமாவே வந்துட்டியா?" என்றாள்.

"நீதானடி போன் பண்ணே."

"நான் எங்க பண்ணேன்? உங்க மாப்பிள்ளைதான் பண்ணாரு. ஒரு வாரம் அக்காவத் திருப்பி அனுப்பாதீங்க, கால்ல வேணா விழறேன்னாரு."

ஒரு வாரம் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டு இருந்தேன். (மனக்கஷ்டம்தான். ஆனால் குழம்பு நன்றாக இருந்தது.) அடுத்த ஞாயிற்றுக்கிழமை கலா போன் செய்து, பர்மிஷன் கிடைத்துவிட்டது என்றாள். மேடம் படகில் கால் வைப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: "உங்க அத்தை ஊர்ல இருக்காங்களா?"

படகு இன்றைக்கும் ஓடுகிறது. வருஷத்துக்கு ஒரு தரம் அதைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். அந்த வாரத்தில் எப்படியோ தவறாமல் என் தங்கச்சிக்கு என்னைப் பார்க்க வேண்டும்போல் ஆகிவிடும். மாப்பிள்ளை டிக்கெட்டை இரண்டு கையாலும் நீட்டுவார், நானும் ஒன்றும் தெரியாதவளாக வாங்கிக்கொள்வேன். பையைத் தூக்கிக்கொண்டு நான் தெருவில் இறங்கினால் போதும், சபீரா வாசலிலிருந்து கேட்பாள்:

"இன்னா அக்கா, படகைக் கவுத்துட்டாங்களா?"